பிரெஞ்ச் அட்வான்ஸில் கறுப்பு திணறினால்: அறிகுறியை வைத்துச் சரிசெய்வது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் பலர் செஸ்ஸில் கறுப்புக் காய் வந்தால், வெள்ளையின் இ4-க்கு இ6 என்று பதில் தரும் பிரெஞ்ச் ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க வரிசை) ஆடுகிறார்கள். குறுவட்டப் போட்டியில் அது நன்றாகவே ஓடும். எதிரில் இருப்பவர் மூன்றாவது நகர்த்தலில் இ5 தள்ளியதும்தான் (இதுதான் அட்வான்ஸ்) சிக்கல் ஆரம்பிக்கும். ஓசூரிலோ சேலத்திலோ ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (வேக செஸ்) போட்டி முடிந்து கொண்டு வரும் ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டினால், தோற்ற விதம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும். அந்தப் பழுதுகளை அறிகுறி வாரியாகக் கீழே போட்டிருக்கிறேன்.

குறியீடு எல்லாம் தமிழிலேயே: கட்டங்கள் ஏ1 முதல் எச்8 வரை. × என்றால் வெட்டு, + என்றால் செக். காய் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய் நகர்த்தல். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல். 'குதிரை ஜிஇ7' என்றால் ஜி கோட்டில் நிற்கும் குதிரை இ7-க்கு வருகிறது.

நாம் பேசும் நிலை இது: 1.இ4 இ6 2.டி4 டி5 3.இ5 சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6.

போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பார்ப்போம், அப்புறம் ஸ்டார்ட்டர். பைப்பை மேலே இழுப்பது கடைசி. இங்கே ஃபியூஸ் என்பது டி4 கட்டம். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் டி4-ஐ எண்ணுங்கள்: கறுப்பு எத்தனை காயால் தாக்குகிறது, வெள்ளை எத்தனை காயால் காக்கிறது. மேலே உள்ள நிலையில் சி5 சிப்பாய், சி6 குதிரை, பி6 ராணி என்று நமக்கு மூன்று. சி3 சிப்பாய், எஃப்3 குதிரை, டி1 ராணி என்று அவர்களுக்கும் மூன்று. அடுத்து வெள்ளை எதை நகர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறுகிறதா என்று பாருங்கள். பாதிப் பழுது இதிலேயே பிடிபட்டுவிடும்.

## அறிகுறி: டி4 சிப்பாயை வெட்டினேன், ராணி போய்விட்டது

நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். வெள்ளை 6.பிஷப் டி3 ஆடுகிறது. டி1 ராணியின் பார்வையை டி3-இல் நிற்கும் பிஷப் மறைத்துவிடுவதால் டி4-க்கு ஒரு காவல் குறைகிறது. பையன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறான்: 6...சி×டி4 7.சி×டி4 குதிரை×டி4 8.குதிரை×டி4 ராணி×டி4. உடனே 9.பிஷப் பி5+. ராஜாவுக்குச் செக், டி1 ராணிக்கு வழி திறந்துவிட்டது, டி4-இல் நிற்கும் நம் ராணி அம்போ.

செலவில்லாத சரிபார்ப்பு: டி4-ஐ வெட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள். பி5-இலிருந்து இ8 வரை வழி திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் கையை எடுங்கள்.

ஒரு நகர்த்தல் செலவு: ஏழாவது நகர்த்தலில் குதிரையால் வெட்டாமல் 7...பிஷப் டி7. இப்போது பிஷப் பி5-இல் செக் கிடையாது. டி4-ஐ வெட்டும் மிரட்டல் நிஜமாகிறது. வெள்ளை 8.0-0 என்று காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது) செய்து சிப்பாயைப் பலி கொடுத்தால் 8...குதிரை×டி4 9.குதிரை×டி4 ராணி×டி4 தாராளமாக ஆடலாம். இதுதான் மில்னர்-பேரி கேம்பிட்.

இதற்கு மேல் போனால் செலவு அதிகம்: 10.குதிரை சி3 வந்ததும் இ5 சிப்பாயும் சும்மா நிற்பது போலத் தெரியும். 10...ராணி×இ5 11.யானை இ1 என்றால் ராணி ஓட வேண்டும். டி6-க்குப் போனால் குதிரை பி5 வந்து மறுபடி விரட்டும். பி8-க்குப் போனால் 12.குதிரை×டி5, இ6 சிப்பாய் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதால் திருப்பி வெட்ட முடியாது. நன்றாகப் படித்தவர்கள் கறுப்பில் இதையும் தாங்கி ஆடுகிறார்கள். பதினைந்து நிமிட ரேபிட்டில் பள்ளிப் பிள்ளைக்கு இது வேண்டாம். 10...ஏ6 ஆடி பி5-ஐ அடைத்துவிடுங்கள். 11.ராணி இ2 வந்தால் 11...குதிரை இ7, அடுத்து அந்தக் குதிரை சி6-க்கு வரும். ஒரு சிப்பாய் லாபம் கையில் இருக்கிறது, இரண்டாவதுக்கு ஆசைப்பட வேண்டாம்.

கேம்பிட்டில் லாபத்தோடு நின்றும் தொடர்ந்து மேட் வாங்கிக்கொண்டிருந்தால், அது ஓப்பனிங் பழுது இல்லை, தற்காப்புப் பயிற்சி போதவில்லை. அந்த ஆட்டங்களைக் கோச்சிடம் எடுத்துப் போங்கள்.

## அறிகுறி: சி8 பிஷப் ஆட்டம் முடியும் வரை தூங்குகிறது

இ6, டி5 என்று இரண்டு சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில் நிற்கின்றன. சி8 பிஷப்புக்கும் வெள்ளைக் கட்டம்தான். கொஞ்ச நேரம் அது தூங்குவது இயல்பு. இருபது நகர்த்தல் தாண்டியும் எழவில்லை என்றால்தான் பழுது.

முதல் காரணம், வழியை மறைப்பது நம் குதிரையே. டி7-இலிருந்து பி5-க்குப் போகும் வழியில் சி6 இருக்கிறது. அங்கே குதிரையை வைத்துவிட்டு "பிஷப் வெளியே வரமாட்டேங்குது சார்" என்றால் எப்படி? பிஷப்பை மாற்றிக்கொள்வதுதான் நோக்கம் என்றால் வரிசையை மாற்றுங்கள்: 4...ராணி பி6 5.குதிரை எஃப்3 பிஷப் டி7, அடுத்து பிஷப் பி5. குதிரை சி6-க்கு அப்புறம் வரட்டும். இதை வேட் வேரியேஷன் என்பார்கள். 6.பிஷப் இ2 பிஷப் பி5 என்றதும் சாதாரணமாகப் பிஷப்புகள் மாறிக்கொள்ளும். நம் மோசமான பிஷப் போய் அவர்களின் நல்ல பிஷப் போனால் நமக்குத்தான் லாபம். ஒரு எச்சரிக்கை: வெள்ளை 7.சி4 என்று குத்தினால் 7...பிஷப்×சி4 8.பிஷப்×சி4, இப்போது உடனே சிப்பாயால் திருப்பி வெட்டாதீர்கள். வெட்டினால் டி5 தள்ளி நடுவைத் திறந்துவிடுவார்கள். முதலில் 8...ராணி பி4+, அவர்கள் 9.குதிரை பிடி2 என்று மறைத்ததும் டி×சி4.

இரண்டாவது, குதிரை சி6-இல் ஏற்கெனவே நின்றால்: பிஷப்புக்கு நீள வழி ஒன்று உண்டு. டி7, இ8, அங்கிருந்து ஜி6 அல்லது எச்5. எஃப் சிப்பாய் நகர்ந்த பின்தான் இது முடியும், மூன்று நகர்த்தல் செலவாகும். நடு அடைபட்டிருந்தால் கட்டுப்படியாகும். திறந்திருந்தால் நேரம் கிடைக்காது.

மூன்றாவது, எதிராளியே திறந்துவிடுவது. எஃப்5-இல் நிற்கும் நம் குதிரையை டி3 பிஷப் வெட்டி நாம் இ×எஃப்5 என்று எடுத்தால், சி8 பிஷப்புக்கு இ6 திறக்கிறது. டி5 சிப்பாய் தனியாகிவிடுகிறதே என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயப்பட அவ்வளவாக ஒன்றும் இல்லை: டி4-இல் வெள்ளைச் சிப்பாய் நிற்கும்வரை டி கோட்டில் எந்த யானையும் வர முடியாது.

இந்த பிஷப்பை நினைத்தாலே எரிச்சல் வருகிறது என்பவருக்கு விலை கூடின வழி ஓப்பனிங்கையே மாற்றுவது. கேரோ-கேனில் 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 பிஷப் எஃப்5 என்று பிஷப் முதலிலேயே வெளியே வந்துவிடும், இ6 அப்புறம்தான். ஆனால் அங்கே சி5 தள்ளி நடுவை உடைப்பதற்கு சி சிப்பாய் இரண்டு தடவை நகர வேண்டும். ஒரு தலைவலியைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது போலத்தான்.

## அறிகுறி: எஃப்5-க்கு வந்த குதிரையை ஜி4 தள்ளி விரட்டுகிறார்கள்

சி5 சிப்பாய் டி4-இல் மாறிப்போன பிறகு டி4-க்கு மூன்றாவது தாக்குதல் தருவது இந்தக் குதிரை. அது இ7 வழியாகவோ எச்6 வழியாகவோ எஃப்5-க்கு வரும். விரட்டப்பட்டதும் பலர் பதறி அதை ஓரத்தில் ஒளிக்கப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் வந்த வேகத்தில் இ3 பிஷப்பை வெட்டிவிடுகிறார்கள். இ3-ஐ வெட்டினால் எஃப்×இ3 என்று டி4-க்கு இன்னொரு தூண் கிடைக்கும். அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, ஜி4-ஐ முன்கூட்டியே தடுக்க முடியுமா என்று. எச்5 தள்ளினால் ஜி4 எளிதில் வராது. அதன் விலை, நம் ராஜா அந்தப் பக்கம் காஸ்லிங் செய்வது கஷ்டமாகும்.

ஜி4 வந்தேவிட்டால் குதிரை இ7-க்குத் திரும்பட்டும். ஒரு நகர்த்தல் போனாலும் வெள்ளை ராஜா பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது. முதன்மையான வரிசை ஒன்றைப் பாருங்கள்: 6.ஏ3 குதிரை எச்6 7.பி4 சி×டி4 8.சி×டி4 குதிரை எஃப்5 9.பிஷப் பி2 பிஷப் டி7 10.ஜி4 குதிரை எஃப்இ7 11.குதிரை சி3 குதிரை ஏ5. கடைசி நகர்த்தலைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிரை போச்சு என்பார்கள். போகவில்லை. பி×ஏ5 என்றால் ராணி×பி2. ஆக அந்தக் குதிரை சி4-க்கு நிம்மதியாகப் போகலாம். பி4 தள்ளியதால் அவர்கள் கை நழுவவிட்ட கட்டம் அது.

எச்6-இல் குதிரை நிற்கும்போதே வெள்ளை பிஷப்பால் வெட்டிவிட்டால்? ஜி×எச்6 என்று எடுத்தால் சிப்பாய் அமைப்பு பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் ஜி கோடு திறக்கிறது, எஃப்8 பிஷப் ஜி7-க்கு வந்து இ5-ஐக் குறிவைக்கும். அசிங்கம்தான், பழுது இல்லை. வெட்டுவதற்கு முன் பி2 காவலின்றிக் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை அமைதியாக 6.பிஷப் இ2 ஆடினால்: 6...சி×டி4 7.சி×டி4 குதிரை ஜிஇ7 8.குதிரை ஏ3 குதிரை எஃப்5 9.குதிரை சி2. டி4-இல் மறுபடி மூன்றுக்கு மூன்று, அடைத்துவிட்டார்கள். இங்கே 9...பிஷப் பி4+ என்று ஒரு நல்ல தொந்தரவு இருக்கிறது. சி2 குதிரை பி4-ஐ வெட்டினால் டி4 காவலை விட்டுவிடுகிறது. அதனால் வெள்ளை பெரும்பாலும் ராஜாவை எஃப்1-க்கு நகர்த்தி காஸ்லிங் உரிமையையே விட்டுவிடும். ஒரு செக்குக்கு இதைவிட நல்ல விலை கிடைக்காது.

## அறிகுறி: காஸ்லிங் செய்ததும் எச்7-இல் பிஷப் பலி, மேட்

இ5 சிப்பாய் நிற்பதால் எஃப்6-இல் நமக்குக் குதிரை இல்லை. எஃப்6 குதிரை இல்லாத ராஜாவுக்கு எச்7 பலவீனம். காஸ்லிங் செய்யக் கை போகும்போது இதைப் பாருங்கள்: வெள்ளை பிஷப் டி3-இல் நின்று எச்7-ஐப் பார்க்கிறதா, எஃப்3 குதிரை ஜி5-க்கு வர முடியுமா, ராணி எச்5-க்கு வர வழி உண்டா. மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த நகர்த்தலில் காஸ்லிங் வேண்டாம்.

இ7 பிஷப் ஜி5-ஐக் காக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். எச்7-இல் பலியான பிஷப்பை ராஜா வெட்டியதும் குதிரை ஜி5-இல் வந்து செக் கொடுத்து நாம் அதை வெட்டினால், சி1 பிஷப் திருப்பி வெட்டும். ராணி டி8-இல் இருந்தால் அதன் மேலேயே வந்து விழும்.

எஃப்5-இல் குதிரை வைப்பதுதான் குறைந்த செலவில் முடியும் வேலை. டி3-இலிருந்து எச்7 வரை உள்ள வழி அடைபடும். ஜி6-இல் வைத்தாலும் அடையும், ஆனால் எச்4, எச்5 என்று சிப்பாய் வந்து இடிக்கும். அதற்கு அடுத்தது எஃப்6 தள்ளுவது. ஜி5 நம் கட்டுப்பாட்டுக்கு வரும், ஆனால் இ6 பலவீனமாகும் (அடுத்த அறிகுறி அதுதான்). நடு அடைபட்டிருந்தால் காஸ்லிங்கைத் தள்ளிப்போடுங்கள், அல்லது ராணி பக்கம் செய்யுங்கள். பிரெஞ்சில் ராஜா இ8-இல் கொஞ்ச நேரம் இருப்பது குற்றம் இல்லை. "பத்து நகர்த்தலுக்குள் காஸ்லிங்" என்று ஆரம்ப வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதால்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

## அறிகுறி: எஃப்6 தள்ளினேன், அப்புறம் நிலை சரிந்துவிட்டது

டி4-ஐ அடித்துப் பார்த்து அசையவில்லை என்றால் மேலே இருக்கும் இ5-ஐ எஃப்6-ஆல் குத்தலாம். நல்ல யோசனை, நேரம் தவறினால் விஷம். வெள்ளை அங்கே சிப்பாய்களை மாற்றிக்கொண்டு இ5 கட்டத்தில் காயை உட்காரவைத்துவிட்டால், இ6 சிப்பாய் முன்னே நகர முடியாமல் கடைசிவரை சுமையாக நிற்கும்.

இதற்கு நல்ல பாடம் 1911 கார்ல்ஸ்பாட் போட்டியில் நிம்சோவிட்ச் (வெள்ளை), சால்வே (கறுப்பு) ஆட்டம். நம் வரிசையேதான்: 6.பிஷப் டி3 பிஷப் டி7 7.டி×சி5 பிஷப்×சி5 8.0-0 எஃப்6. நிம்சோவிட்ச் டி4, இ5 சிப்பாய்களைத் தானாகவே விட்டுக்கொடுத்து, அந்த இரண்டு கட்டங்களிலும் காய்களை ஏற்றி உட்காரவைத்தார். கறுப்பின் இரண்டு நடுச் சிப்பாயும் அசைய முடியாமல் போயின; வெள்ளை ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் கறுப்பு ஆறாவது நகர்த்தலில் முதலில் டி4-இல் சிப்பாயை மாற்றியிருந்தால் டி×சி5 என்பதே வந்திருக்காது. டி3-இல் பிஷப் வந்தால் முதலில் சி×டி4, அப்புறம் பிஷப் டி7 என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எஃப்6 தள்ளும் முன் இ5-ஐ எண்ணுங்கள், டி4-ஐ எண்ணிய அதே மாதிரி. சிப்பாய்கள் மாறிய பிறகு இ5-இல் யார் உட்காருவார்கள்? சி6 குதிரை, டி6 அல்லது ஜி7-இல் ஒரு பிஷப் என்று நமக்கு ஆள் இருந்தால் தள்ளலாம். இல்லை என்றால் இன்னும் இரண்டு நகர்த்தல் காத்திருங்கள்.

## அறிகுறி: சி4 தள்ளி மூடினேன், அப்புறம் என்ன செய்வது என்றே தெரியவில்லை

6.ஏ3-க்கு 6...சி4 என்பது மதிப்பான பதில். ஆனால் சி5 சிப்பாய் முன்னே போய்விட்டதால் டி4 மேல் இருந்த அழுத்தம் தீர்ந்தது. இதை மறந்துவிட்டு ராணியையும் குதிரையையும் டி4-ஐப் பார்த்தபடியே வைத்துக்கொண்டு இருபது நகர்த்தல் ஓட்டுகிறார்கள்.

இப்போது கவனிக்க வேண்டிய கட்டம் பி3. ஏ சிப்பாய் நகர்ந்ததால் அங்கே ஓட்டை. குதிரை சி6-இலிருந்து ஏ5-க்குப் போகட்டும், பிஷப் டி7, இன்னொரு குதிரை இ7, ராஜாவுக்கு ராணி பக்கம் காஸ்லிங். எஃப்6 உடைப்பைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். மெதுவான ஆட்டம் இது. பொறுமை இல்லாத பிள்ளைக்கு சி4-ஐச் சொல்லிக்கொடுப்பதைவிட 6...குதிரை எச்6 சொல்லிக்கொடுப்பது நல்லது.

## அறிகுறி: பி2 சிப்பாயைத் தின்றேன், ராணி சிக்கிக்கொண்டது

ராணி திரும்பி வரும் கட்டத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் தின்னலாம். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். யானை பி1, குதிரை ஏ4 இரண்டையும் மனதில் ஆடிப் பார்த்துவிட்டுத்தான்.

## அறிகுறி: எஞ்சின் எப்போதும் வெள்ளைக்கே சாதகம் என்கிறது

இது பழுதே இல்லை. இடம் வெள்ளைக்கு அதிகம் என்பதால் எஞ்சின் (ஆட்டத்தை அலசும் செஸ் மென்பொருள்) கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "பிரெஞ்ச் சரியில்லை, மாத்திடலாமா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் நடந்த ஆட்டத்தைக் காட்டுவேன். உலக சாம்பியன்ஷிப் முதல் ஆட்டத்தில் நம் குகேஷ் இ4 ஆட, டிங் லிரென் கறுப்பில் பிரெஞ்ச் ஆடி 42 நகர்த்தலில் ஜெயித்தார். அங்கே வெள்ளை மூன்றாவதாக குதிரை சி3 ஆடி, இ5-ஐ அடுத்த நகர்த்தலில் தள்ளியது. வரிசை வேறு, ஆனால் டி4, இ5-க்கு எதிரே டி5, இ6 என்ற அதே சிப்பாய்ச் சங்கிலி. பட்டத்தை குகேஷ்தான் கடைசியில் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

## எப்போது கோச்சிடம் போக வேண்டும்

ராணி இழப்பு, எச்7 பலி, பி2 பேராசை இதெல்லாம் வீட்டிலேயே பலகை போட்டுச் சரிசெய்யக்கூடியவை. இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

டி4 கணக்கு சரியாக இருந்தும், காய் எதுவும் போகாமலேயே பதினைந்தாவது நகர்த்தலுக்கு மேல் நிலை மெல்ல மெல்ல நசுங்கினால் போகலாம். எஃப்6-க்கு எப்போது நேரம் என்பது எழுதிவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம். பிரெஞ்சைத் தானே போட்டியில் ஆடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். கோச்சைத் தேடும்போது ரேட்டிங்கை மட்டும் பார்க்காதீர்கள். "கறுப்பில் இ4-க்கு நீங்கள் என்ன ஆடுவீர்கள்?" என்று கேளுங்கள். வாழ்நாள் முழுக்க சிசிலியன் (இ4-க்கு சி5 என்ற பதில்) ஆடியவர் பிரெஞ்சைப் புத்தகத்தில் படித்துத்தான் சொல்வார். பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் தேடினாலும் பரவாயில்லை.

போகும்போது தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட் மட்டும் போதாது, ஜெயித்ததும் டிராவும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் பையனோ பெண்ணோ எந்த நகர்த்தலில் அதிக நேரம் யோசித்தார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தால் இன்னும் நல்லது. முக்கியமாக, போவதற்கு முன் அவற்றை எஞ்சினில் ஓட்டிப் பதிலைப் பார்க்காதீர்கள். பிள்ளை அந்த நேரத்தில் என்ன நினைத்து ஆடியது என்பதுதான் கோச்சுக்கு வேண்டும். எஞ்சின் பதிலை ஒருமுறை பார்த்துவிட்டால் அது நினைவிலிருந்து கலைந்துவிடும்.